கெலாங் பாத்தாவின் நிலத்தை யார் வரைகிறார்கள்?

ஜொகூர் பாருவுக்கு மேற்கே, பூலாய் ஆற்றின் கழிமுகத்துக்கு அருகே இருக்கும் கெலாங் பாத்தா பார்வைக்குச் சிறிய ஊர்தான். பழைய கடைவீட்டு வரிசைகள், அவற்றைச் சுற்றி அடுத்தடுத்து எழும்பிய தாமான்கள், தாமான்களுக்கு அப்பால் செம்பனை, அதற்கும் அப்பால் கடலை ஒட்டிய மீனவர் கம்போங்குகள். இந்தச் சிற்றூரைச் சுற்றி முப்பது ஆண்டுகளுக்குள் நடந்தவை ஏராளம். 1998 ஜனவரியில் சிங்கப்பூரின் துவாஸை இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது. 1999-இல் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் இஸ்கண்டார் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்டது. 2009-இல் மாநில அரசின் நிர்வாக மையம் கோத்தா இஸ்கண்டாருக்கு வந்தது. 2012-இல் லெகோலேண்ட் திறந்தது. 2014 முதல் கடலை மண்ணிட்டு நிரப்பி ஃபாரஸ்ட் சிட்டி எழுந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தின் ஒன்பது முதன்மைப் பகுதிகளில் மூன்று, அதாவது இஸ்கண்டார் புத்ரி, ஃபாரஸ்ட் சிட்டி, தஞ்சோங் பெலப்பாஸ்–தஞ்சோங் பின், கெலாங் பாத்தாவைச் சூழ்ந்தே இருக்கின்றன.

இவை எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்த மாற்றங்கள். இவற்றுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் மாறியிருக்கிறது. எந்த நிலத்தில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் கடை, எது திடல், எது வழிபாட்டு இடம் என்று வண்ணம் தீட்டிச் சொல்லும் வரைபடம் அது. மன்ற அலுவலகத்தில் அதை ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்பார்கள். தமிழில் உள்ளூர்த் திட்டம். அது அரசிதழில் ஏறுவதற்கு முன் பொதுமக்கள் ஆட்சேபிக்கச் சட்டம் சில வாரங்களை ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சில வாரங்கள்தான் கெலாங் பாத்தா போன்ற ஒரு புறநகரில் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய அதிகாரம். நிலப் பட்டா இல்லாதவருக்கோ அநேகமாக அது ஒன்றுதான் அதிகாரம். அதைத் தவறவிட்டால் பிறகு நடப்பதில் பெரும்பகுதி வெறும் அலுவலக நடைமுறை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

திட்டங்களின் அடுக்கு

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிப்பது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. இந்தச் சட்டம் திட்டங்களை அடுக்கடுக்காக வைக்கிறது. உச்சியில் தேசிய பௌதிகத் திட்டம், அதற்குக் கீழே மாநிலத்தின் கட்டமைப்புத் திட்டம், அதற்கும் கீழே மாவட்ட அளவிலான உள்ளூர்த் திட்டம். கட்டமைப்புத் திட்டம் பெரும்பாலும் கொள்கை பேசும். உள்ளூர்த் திட்டமோ மனைக்கு மனை பேசும்.

உள்ளூர்த் திட்டத்தைத் தயாரிப்பது உள்ளூர்த் திட்டமிடல் அதிகார அமைப்பு. கெலாங் பாத்தாவுக்கு அது இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம். ஜொகூர் பாரு தெங்கா என்ற பெயரில் முதலில் மாவட்ட மன்றமாகவும் பின்னர் நகராண்மைக் கழகமாகவும் இருந்த அமைப்புதான் 2017 நவம்பர் 22 அன்று மாநகர் மன்றத் தகுதி பெற்றது. மன்றம் தயாரிக்கும் வரைவை அங்கீகரிப்பது மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழு. இத்துடன் கெலாங் பாத்தாவுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 2007-இன் சட்டம் 664-இன்படி அமைந்த இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு ஆணையத்துக்குப் பிரதமரும் ஜொகூர் மந்திரி பெசாரும் இணைத்தலைவர்கள். அந்த ஆணையத்தின் ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டமும் இந்த நிலத்தின் மேல் விரிகிறது. ஆக, ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்கு மேலே புத்ராஜெயா வரை நீளும் அதிகார வரிசை இருக்கிறது.

இந்த வரைபடத்தைப் படிப்பது கடினமில்லை. தொழிற்பகுதி ஊதா, வணிகப் பகுதி நீலம், பள்ளி, மருத்துவமனை போன்ற பொது நிறுவனங்கள் சிவப்பு, திடலும் பூங்காவும் பச்சை. வண்ணம் முதல் செய்தி மட்டுமே. முக்கியமான செய்தி இணைப்பு அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் எந்தப் பயன்பாடு அனுமதிக்கப்படும், எது நிபந்தனையோடு அனுமதிக்கப்படும், எது கூடாது என்று அது வகைப்படுத்தும். ஓர் ஏக்கருக்கு எத்தனை வீடு, மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்பதும் அங்கேதான் இருக்கும். வண்ணத்தை மாற்றாமல் இந்த எண்ணை மட்டும் உயர்த்தினாலும் இரண்டு மாடி வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழலாம்.

இந்தத் திட்டம் வெறும் பரிந்துரை அன்று. உள்ளூர்த் திட்டத்துக்கு முரணான மேம்பாட்டுக்கு மன்றம் திட்டமிடல் அனுமதி தரக் கூடாது என்று சட்டம் 172-இன் 22-ஆம் பிரிவு கண்டிப்பாகச் சொல்கிறது. அனுமதியின்றி மேம்பாடு செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. ஆகவே அரசிதழில் ஏறிய வரைபடம் குடியிருப்பாளருக்குக் கேடயமாகவும் இருக்கலாம், அவருக்கு எதிரான ஆயுதமாகவும் இருக்கலாம். எதுவாக இருக்கும் என்பது வரைவு நிலையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு மனையின் வண்ணம் மாறும்போது

நடைமுறையை நெருங்கிப் பார்க்க ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். தாமான் ஒன்றின் பின்வரிசை வீடுகளை ஒட்டிச் சில ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. பட்டாவில் அதன் வகை விவசாயம். புதிய உள்ளூர்த் திட்ட வரைவில் அது ஊதா வண்ணத்தில் தொழிற்பகுதியாகக் காட்டப்படுகிறது. வரைவு வெளியான அன்று தரையில் எதுவும் மாறாது. மரங்கள் அப்படியே நிற்கும், குலை வெட்டுபவர்கள் வழக்கம்போல் வந்துபோவார்கள். பின்வரிசை வீட்டுக்காரர் எதையும் உணர மாட்டார்.

திட்டம் அரசிதழில் ஏறியபின் நில உரிமையாளர் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 124-ஆம் பிரிவின்படி பட்டாவின் வகையை மாற்ற நில அலுவலகத்தில் விண்ணப்பிப்பார். மாநில அரசு பிரிமியம் விதிக்கும். உள்ளூர்த் திட்டம் பயன்பாட்டையோ அடர்த்தியையோ மாற்றியதால் நிலமதிப்பு உயர்ந்தால், சட்டம் 172-இன் 32-ஆம் பிரிவு மேம்பாட்டுக் கட்டணம் ஒன்றை விதிக்கிறது. வரைபடத்தில் வண்ணம் மாறினாலே பணம் பிறக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் இது. பிறகு மன்றத்தின் ஒரே இட மையத்தில் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் போகும். சாலை, வடிகால், தீயணைப்பு, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என்று ஒவ்வொரு துறையும் கருத்துச் சொல்லும். கட்டட வரைபடம் ஒப்புதல் பெறும். 2007 முதல் நடைமுறையில் இருக்கும் நிறைவுச் சான்றிதழைத் துறைசார் நிபுணரே கடைசியில் வழங்குவார்.

இந்த நீண்ட வரிசையில் பின்வரிசை வீட்டுக்காரரிடம் எப்போது கேட்பார்கள்? பெரும்பாலோர் நினைத்திருப்பது, பக்கத்து நிலத்தில் ஏதாவது வந்தால் மன்றம் நமக்குக் கடிதம் அனுப்பும் என்பது. சட்டம் 172-இன் 21(6) பிரிவு அப்படி ஒரு கடிதத்தைச் சொல்லத்தான் செய்கிறது. பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான் இந்த அறிவிப்பு கட்டாயம். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் அந்தச் சட்டப்படியான கடிதம் வர வேண்டியதில்லை.

சட்டத்தின் தர்க்கம் தெளிவானது. திட்டம் தயாரானபோதே பொதுமக்களிடம் கேட்டாயிற்று; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மீண்டும் கேட்க வேண்டாம். காகிதத்தில் இது நியாயம்தான். ஆனால் இந்த நியாயம் முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: வரைவு வந்தபோது மக்கள் அதைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், பேசினார்கள் என்ற ஊகம். கெலாங் பாத்தாவில் விடியுமுன் துவாஸ் பக்கம் வேலைக்குக் கிளம்பி இருட்டியபின் வீடு திரும்பும் குடும்பங்கள் நிறைய. மன்றக் கட்டடத்தில் அலுவலக நேரத்தில் வைக்கப்படும் வரைபடக் கண்காட்சி அவர்களைச் சென்றடைந்தது என்று எப்படிச் சொல்வது?

இதனால் ஏற்படும் செலவும் சிறிதன்று. தீபகற்ப மலேசியாவின் மற்ற மாநிலங்களில் மதிப்பீட்டு வரியை ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஜொகூரில் மட்டும் நிலமும் கட்டடமும் சேர்ந்த சந்தை மதிப்பே அடிப்படை. சுற்றியுள்ள நிலங்களின் வகை மாறிச் சந்தை விலை ஏறினால், வீட்டை விற்கும் எண்ணமே இல்லாத ஓய்வுபெற்றவரின் வரிக் கணக்கும் அடுத்த மறுமதிப்பீட்டில் ஏற வழியுண்டு. வண்ண மாற்றம் நம்மைத் தொடாது என்று எந்த வீட்டுக்காரரும் இருந்துவிட முடியாது.

நிலம் கேட்காத ஒரே இடம்

சட்டம் 172 பொதுமக்களை இரண்டு கட்டங்களில் அழைக்கிறது. வரைவைத் தயாரிக்கத் தொடங்குமுன், அதன் நோக்கத்தை விளம்பரப்படுத்தி மக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 12ஏ பிரிவு. வரைவு தயாரானபின் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ஆட்சேபித்தவர் நேரில் விளக்கம் சொல்ல விரும்பினால் அவருக்கு விசாரணை அமர்வும் உண்டு.

இந்த இரண்டு கட்டங்களுக்கும் 21(6)-க்கும் உள்ள வேறுபாடுதான் நம் சமூகம் மனத்தில் பதிய வைக்க வேண்டியது. 21(6)-இல் பேசத் தகுதி பெற்றவர் நில உரிமையாளர் மட்டும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அங்கே இடமில்லை. பட்டா இல்லாத கோயில் நிர்வாகத்துக்கும், தோட்ட நிலத்தில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கும் இடமில்லை. வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லவோ சட்டம் நில உரிமை கேட்பதில்லை. வாடகைக்காரர் எழுதலாம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதலாம், பட்டா இல்லாத ஆலயத்தின் செயலாளர் எழுதலாம். நிலமில்லாதவரின் சொல்லுக்கும் நிலமுள்ளவரின் சொல்லுக்கும் ஒரே எடை கிடைக்கும் இடம் இந்த ஒன்றுதான்.

மலேசியத் தமிழரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இதன் கனம் புரியும். ஜொகூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை உழைத்தவர்கள் வாழ்ந்த லயம் கம்பெனியுடையது. வணங்கிய கோயில் கம்பெனி நிலத்தில். பிள்ளைகள் படித்த பள்ளியும் கம்பெனி நிலத்தில். தோட்டம் வீடமைப்பு நகரமாக மாறியபோது அந்த வாழ்க்கைக்கு வரைபடத்தில் ஓர் இடம் உண்டா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது. கெலாங் பாத்தாவுக்கு அண்மையில் ஸ்கூடாய்ப் பக்கம் ரினி தோட்டம் முத்தியாரா ரினி என்னும் நகராகியது. அங்கே பழைய தோட்டத்தின் பெயர் நகரின் பெயரில் நிலைத்தது. பெயர்கூட மிஞ்சாத தோட்டங்கள் ஜொகூரில் பல.

கோலாலம்பூரின் இரண்டு நிகழ்வுகள் இந்தப் பாடத்தைக் கூர்மையாகச் சொல்கின்றன. புக்கிட் கியாரா தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள், சுமார் நூறு, 1980-களில் நீளவீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அவர்களுக்கு வீடு கட்டுவதையும் சேர்த்துக்கொண்டு, அருகிலிருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயரமான சொகுசு அடுக்குமாடிகளுக்கு 2017-இல் மேம்பாட்டு அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசிதழில் ஏறிய திட்டத்திலிருந்து விலகுவதானால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. அது கூட்டரசுப் பிரதேசத்துக்கான தனிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், திட்டம் என்பது அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் ஆவணம் என்ற கருத்தை நாடெங்கும் வலுப்படுத்தியது. ஆனால் தோட்டக் குடும்பங்களின் வீடு முதலிலேயே திட்டத்தில் இடம்பெற்றிருந்தால், பூங்காவா வீடா என்ற கொடுமையான மோதலே எழுந்திருக்காது.

இன்னொன்று மஸ்ஜித் இந்தியா பகுதியின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். நூற்றாண்டைத் தாண்டிய அந்தக் கோயில் இருந்த நிலத்தை மாநகராண்மைக் கழகம் 2014-இல் தனியார் நிறுவனத்துக்கு விற்றது. அது நாடளாவிய சர்ச்சையாக வெடித்தது 2025 மார்ச்சில். மாற்று நிலத்துக்குச் செல்ல உடன்பாடு ஏற்பட்டது. ஒரு நிலத்தின் கதி முடிவாவதற்கும் அந்த நிலத்தில் வாழ்வோர் தெருவில் இறங்குவதற்கும் நடுவில் எத்தனை ஆண்டு இடைவெளி விழக்கூடும் என்பதற்கு இது சான்று. உணர்ச்சி கொதிக்கும் கடைசி மாதத்தில் பேரம் பேசுவதைவிட, அமைதியான வரைவு மாதத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுவது பலமடங்கு பயன் தரும்.

தேர்ந்தெடுக்கப்படாத மன்றம்

வரைவு வாரங்களுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம், மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1951-இல் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் மாநகராகியபோது அதன் முதல் மேயரானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன் என்ற தமிழர். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன.

அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968 டிசம்பரில் அளித்த அறிக்கை, தேர்தல் மூலம் அமையும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1971-இல் வெளியான அந்த அறிக்கையின் முக்கியப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976-இன் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தன் 15-ஆம் பிரிவின் மூலம் தேர்தலை முற்றிலும் விலக்கியது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாட்டின் ஊராட்சி ஜனநாயகத்தின் முதல் மேயரும், அதை மீட்கச் சொன்ன ஆணையத்தின் தலைவரும் தமிழர்கள் என்பதை நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இன்று சட்டம் 171-இன் 10-ஆம் பிரிவின்படி எட்டு முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சி விவகாரங்களில் அனுபவமுள்ளவர்கள், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவர்கள், தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர்கள் என்று தகுதியையும் அதே பிரிவு சொல்கிறது. நியமனத்தில் அரசியல் கட்சிகளின் பங்கீடு பேசப்படுவது ஊரறிந்த வழக்கம். நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காதவரிடம் கணக்குக் கேட்பது எளிதன்று. அதனால்தான் சட்டம் தரும் பிற வழிகளை விட்டுவிடக் கூடாது. அவற்றுள் ஒன்று 23-ஆம் பிரிவு: மன்றம் தீர்மானம் போட்டு வேறு முடிவு எடுத்தாலன்றி, முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. திட்டமிடலின் நுணுக்க வேலை பெரும்பாலும் குழுக்களிலேயே நடக்கிறது. ஆனாலும் பார்வையாளர் இருக்கையில் ஊரார் சிலர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் மன்றம் அதை உணரும்.

கடலோரத்திலிருந்து ஒரு பாடம்

கெலாங் பாத்தாவின் தென்மேற்கே பூலாய் ஆற்றின் அலையாத்திக் காடு 2003 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 9,126 ஹெக்டேர். கழிமுகத்துக்கு வெளியே மெரம்போங் கடற்புல் படுகை, கடல் குதிரைகளுக்கும் ஆவுளியாக்களுக்கும் ஆதாரம். தஞ்சோங் கூப்பாங் மீனவர்களின் பிழைப்பும் அதைச் சார்ந்தது. 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டிக்காகக் கடலில் மண் கொட்டத் தொடங்கியபோது விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கவில்லை. மீனவர்களின் முறையீடும் சிங்கப்பூரின் கவலையும் எழுந்தபின்தான் அந்த மதிப்பீடு நடந்தது. 2015 ஜனவரியில் ஒப்புதல் வந்தபோது, ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகத் திட்டமிடப்பட்ட தீவுகளின் பரப்பு 1,386 ஹெக்டேராகக் குறைந்திருந்தது.

அந்தக் கடலோரத்தில் 2008 முதல் கெலாப் அலாமி என்ற உள்ளூர் அமைப்பு இயங்கிவந்தது. மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடற்புல்லையும் கடல் உயிர்களையும் அடையாளம் காணவும் பதிவுசெய்யவும் அது பயிற்சி தந்தது. மண் லாரிகள் வருவதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்களிடம் தங்கள் கடலைப் பற்றிய பதிவு இருந்தது. இழந்தவை அதிகம்; ஆனாலும் இழப்பை அளந்து சொல்லவாவது அவர்களால் முடிந்தது. தாமான்வாசிகளுக்கும் இது பொருந்தும். எந்தத் திடலில் மாலையில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள், எந்த வடிகால் மழைக்கு நிரம்புகிறது, எந்தக் கோயிலுக்கு எந்த வீதி வழியே தேர் வருகிறது என்று ஒரு தாமான் எழுதிவைத்திருந்தால், ஆட்சேபக் கடிதத்தின் பாதி அப்போதே தயார்.

புதிய வகை நிலப் பயன்பாடு

இப்போது ஜொகூரின் நில வரைபடத்தை மாற்றும் பெரும் சக்தி தரவு மையங்கள். நூசாஜெயா டெக் பார்க் உட்பட இந்தச் சுற்றுவட்டாரமும் அவற்றை ஈர்க்கிறது. வெளித்தோற்றத்தில் கிடங்கு போல நிற்கும் இந்தக் கட்டடங்களுக்கு மின்சாரமும் குளிரூட்டும் நீரும் பேரளவில் வேண்டும். வேலைவாய்ப்போ நிலப்பரப்போடு ஒப்பிட்டால் குறைவு. பழைய மண்டல அட்டவணைகள் எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு பயன்பாடு கற்பனையில் இல்லை. 2024-இல் தரவு மையங்களுக்கென்று தனித் திட்டமிடல் வழிகாட்டி கூட்டரசு அளவில் வந்தது. ஜொகூர் அரசும் தனிக் குழு அமைத்து விண்ணப்பங்களை ஆராய்ந்து, நீரையும் மின்சாரத்தையும் கருதி ஏறத்தாழ 30 விழுக்காட்டை நிராகரித்ததாக அவ்வாண்டு இறுதியில் செய்தி வந்தது. அந்த நிராகரிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் ஆராய்வது ஒன்று. வீடுகளிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த நீரைக் கொண்டு, எந்த மண்டலத்தில் என்பதை உள்ளூர்த் திட்டத்திலேயே எழுதிவைப்பது வேறொன்று. இரண்டாவது வழியில்தான் குடியிருப்பாளரின் குரலுக்குச் சட்டப்படி இடம் உண்டு.

காலமும் இதற்கு உகந்தது. ஜொகூர் பாரு, கூலாய் மாவட்டங்களுக்கான உள்ளூர்த் திட்டத்தின் இலக்காண்டு 2025. இஸ்கண்டார் ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டத்தின் கால எல்லையும் 2025. ஓர் இலக்காண்டு முடிந்து அடுத்த வரைபடத்துக்கு வழி பிறக்கும் காலம் இது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் அழுத்தத்தில் புதுப்பித்தல்கள் வேகமாக நடக்க வாய்ப்பு அதிகம்.

மன்றமும் மக்களும் செய்ய வேண்டியவை

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர், தன் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்து வரைவைக் காட்சிக்கு வைக்கிறது. யாரும் கைப்பேசியில் தன் தெருவைத் தேடி அதன் மண்டலத்தையும் அடர்த்தி எண்ணையும் பார்க்கலாம். மலேசியாவிலும் பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணைய வரைபடம் இருக்கிறது. தொழில்நுட்பம் தடையன்று. தேவைப்படுவது அதை மக்களின் அன்றாடத்துக்குக் கொண்டுவரும் மனம்.

இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம் செய்யக்கூடியவை பல. எதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. வரைவுக் கண்காட்சியை மன்றக் கட்டடத்தோடு நிறுத்தாமல் கெலாங் பாத்தா சந்தைக்கும் தாமான் சமூக மண்டபங்களுக்கும், இரவிலும் வார இறுதியிலும் கொண்டுசெல்லலாம். அறிவிப்பின் சுருக்கத்தைத் தமிழிலும் சீனத்திலும் ஒட்டலாம். வண்ணமோ அடர்த்தியோ மாறும் ஒவ்வொரு மனையையும் பழையது இது, புதியது இது என்று தனிப் பட்டியலாக வெளியிடலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் மாற்றத்தைத் தேடும் பாரம் மக்கள் மேல் விழாது. உள்ளூர்த் திட்டம் இருந்தாலும் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தகவல் கடிதம் அனுப்பலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் சட்டம் தடுக்கிறது என்று ஆகாது. வந்த ஆட்சேபங்களுக்கு என்ன பதில், ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் வெளியிட்டால் மக்களின் நம்பிக்கை கூடும்.

மக்கள் பக்கத்திலும் வேலை உண்டு. ஒவ்வொரு ஆலய நிர்வாகமும், தமிழ்ப்பள்ளி வாரியமும், தாமான் சங்கமும் தங்கள் இடம் வரைபடத்தில் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பதை இந்த ஆண்டே தெரிந்துகொள்ள வேண்டும். கோயில் இருக்கும் நிலம் வழிபாட்டு இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வீட்டு மனையாகவோ வணிக மனையாகவோ காட்டப்படுகிறதா? பள்ளிக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லை எங்கே? பதிலை அறிந்தபின் ஆட்சேபக் கடிதம் எழுத வழக்கறிஞர் அவசியமில்லை. மனை எண், திட்டத்தில் அதன் குறியீடு, நாம் கோரும் மாற்றம், அதற்கான காரணம், நேரில் பேச விருப்பம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். கையெழுத்து வேட்டையைவிட இப்படி எழுதப்பட்ட பத்துக் கடிதங்கள் விசாரணை அமர்வில் வலுவாக நிற்கும். வட்டாரத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி போகட்டும். நியமிக்கப்பட்டவர் என்பதால் அவருக்குப் பொறுப்பு குறைந்துவிடவில்லை.

மேம்பாடு கூடாது என்பது என் நிலைப்பாடன்று. பாலமும் துறைமுகமும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தந்திருக்கின்றன, இன்னும் தரும். கேள்வி, அந்த மேம்பாட்டின் வரைபடத்தில் இங்கே வாழ்வோரின் கை பட்டதா என்பது. தோட்டக் காலத்தில் நம் முன்னோருக்கு அப்படிக் கை வைக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. கம்பெனி விற்றது, அவர்கள் மூட்டை கட்டினார்கள். இன்று சட்டம் நமக்கு நான்கு வாரமாவது தருகிறது, பட்டாவும் கேட்காமல். ஊராட்சித் தேர்தல் திரும்பி வர வேண்டும் என்று போராடுவோம். ஆதி நாகப்பன் ஆணையம் அரை நூற்றாண்டுக்கு முன் சொன்னது இன்றும் சரியே. அது வரும்வரை, கையில் இருக்கும் இந்த உரிமையைக் கெலாங் பாத்தாவின் ஒவ்வொரு குடும்பமும் பயன்படுத்த வேண்டும். அடுத்த உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வெளியாகும் நாளில் நம் ஆலயங்களும் பள்ளிகளும் தாமான் சங்கங்களும் கடிதங்களோடு தயாராக இருக்க வேண்டும்.